சபையில் சொன்ன கசாயம்

நீங்க மாஸ்க்கைக் கழட்ட வேண்டாம் சார், போட்டே இருங்க. இந்த பஸ்ஸுல இத்தனை பேருல நீங்க ஒருத்தர்தான் போட்டிருக்கீங்க. அதைப் பாத்துத்தான் பக்கத்துல வந்து உக்காந்தேன். மாஸ்க் போட்டவங்ககிட்ட ஒரு வசதி, குறுக்கப் பேச மாட்டாங்க.

என்னை எங்கயாவது பாத்த மாதிரி இருக்குமே? இல்லையா? பரவாயில்ல. சொல்லருவி தவசிலிங்கம். பட்டிமன்றம். பகல்ல உரக்கடையில பில் போடுறவன், பொழுது சாஞ்சா சொல்லருவி. அந்தப் பட்டத்தை யாரு குடுத்தான்னு மட்டும் கேட்டுறாதீங்க. நோட்டீஸ்ல பேருக்கு முன்னாடி கொஞ்சம் இடம் காலியா இருந்துச்சு, அவ்வளவுதான். இப்பக்கூட சுரண்டைக்கு அந்தப் பக்கம் ஒரு கோயில் கொடைத் திருவிழாவுல பேசத்தான் போய்க்கிட்டு இருக்கேன்.

எனக்கு ஒரு நியாயம் தெரியணும் சார். நீங்க படிச்ச ஆளா இருக்கீங்க. எனக்கு அன்னைக்குக் குடுத்த தீர்ப்பு சரியா தப்பான்னு நீங்களே சொல்லுங்க.

கொரோனா வந்த ரெண்டாவது வருஷம், எங்க ஊர் கோயில்ல பங்குனிப் பொங்கல். முத வருஷம் கோயில் கதவையே தொறக்கல. ரெண்டாவது வருஷம் நோய் போயிருச்சுன்னு எல்லாரும் முடிவு பண்ணிட்டாங்க. நோய்க்கு மட்டும் அந்தச் சேதி சொல்லல. கரகாட்டத்துக்கு அனுமதி கிடைக்கல, கூட்டம் கூடும்னு. சரி, பட்டிமன்றம் வைப்போம், அதுக்குக் கூட்டம் வராதுன்னு கமிட்டியில பேசியிருக்காங்க. என் காதுபடவே சொன்னாங்க சார். சேரெல்லாம் ஆறடி தள்ளித் தள்ளிப் போட்டிருந்தாங்க. வந்த ஜனம் ஆளுக்கொரு சேரை இழுத்து ஒட்டப் போட்டு உக்காந்திருச்சு. ஆறடி தள்ளி உக்காந்தா பக்கத்து வீட்டுக் கதை எப்படிப் பேசுறது?

தலைப்பு என்னன்னா, ‘பெருந்தொற்றை விரட்டப் பெரிதும் கைகொடுப்பது ஆஸ்பத்திரி ஊசியா, அடுப்படிக் கசாயமா?’ நடுவர், புலவர் அரங்கநாயகம். ரிட்டயர்டு தமிழ் வாத்தியார். எதிர் அணிக்குத் தலைமை உமையாள் அக்கா, கயத்தாறு பக்கம் டீச்சரா இருக்காங்க. கசாய அணிக்கு நான்.

வெளிய இருக்கவங்க என்ன நெனைக்கிறாங்கன்னா, நாங்க நம்புறதைத்தான் பேசுறோம்னு. அது எப்படி சார் முடியும்? நடுவர் போன் போடுவாரு. “தவசி, நீ கசாயம்.” “சரிங்கய்யா.” முடிஞ்சுது. போன மாசம் நான் மாமியார் அணி, அதுக்கு முந்தின மாசம் மருமக அணி. ரெண்டுக்கும் ஒரே ஆளுதான் அழுதான், நான்தான். உமையாள் அக்கா எவ்வளவு தீவிரமா ஊசிக்குப் பேசினாங்க தெரியுமா? அவங்க வேன்ல வந்து எறங்கினதும் வடையைப் பிட்டுக்கிட்டே, “அக்கா நீங்க போட்டாச்சா?”ன்னு கேட்டேன். “ஐயையோ, எனக்கு ஊசின்னாலே மயக்கம் வரும் தம்பி, நான் நிலவேம்புதான்”னாங்க.

நானா? நான் போட்டாச்சு சார். எனக்குச் சர்க்கரை இருக்கு. சர்க்கரை உள்ளவங்களுக்கு முன்னாடியே போடுறாங்கன்னு கேள்விப்பட்டதும் திருவிழாவுக்கு முன்னாடியே டவுன் ஆஸ்பத்திரிக்குப் போய் சத்தமில்லாம முத ஊசியைப் போட்டுக்கிட்டு வந்துட்டேன். வீட்டுல சொல்லல. சொன்னா அவ கூட வர்றேம்பா, காசு கேப்பா, வழியில சேலைக்கடை இருக்கு. அதான் சொல்லல. அதுக்கப்புறம்தான் நடுவர் போன் பண்ணி, நீ கசாயம்னாரு.

பேச்சுன்னா பேச்சு சார் அன்னைக்கு. உமையாள் அக்கா மொதல்ல ஏறி நல்லாத்தான் பேசினாங்க. மாஸ்க்கை மூக்குக்குக் கீழ போட்டுக்கிறது, வாசக்கதவைப் பூட்டிட்டுச் சாவியைப் பூட்டுலயே விட்டுட்டுப் போற மாதிரின்னாங்க. முன்வரிசையில நாலு பேரு மாஸ்க்கை மேல ஏத்துனாங்க. சரி, நமக்கு இன்னைக்கு வேலை இருக்குன்னு நெனச்சுக்கிட்டேன். கடைசியா என்னைக் கூப்பிட்டாங்க.

“நடுவர் அவர்களே! சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் கடை தொறக்கலாம்னாங்க. அப்புறம் மூணுன்னாங்க. அப்புறம் ஒண்ணுன்னாங்க. அப்போ வைரஸு ஒரு மணிக்கு மேலதான் டூட்டிக்கு வருதா? மதியச் சாப்பாடு முடிச்சுட்டு வருதா? பஸ்ஸுல நின்னுக்கிட்டு வந்தா பிடிக்கும், உக்காந்துக்கிட்டு வந்தா பிடிக்காதுங்கிறாங்களே, வைரஸுக்கு என்ன டிக்கெட்டு பாக்குற வேலையா?”

சிரிப்பு சார். பந்தலே ஆடுச்சு. இதுக்கு நடுவுல வட்டார மருத்துவர் முன்வரிசையில உக்காந்திருக்காரு, அவரும் சிரிக்கிறாரு. சிரிச்சதெல்லாம் கணக்குல வராது, சிரிக்க வெச்சவனை அழவும் வெக்கணும். அதுதான் பட்டிமன்றத்துக்கு விதி. முடிக்கும்போது கண்ணுல தண்ணி வரணும். நான் என்ன பண்ணேன், என் வீட்டுக்காரியை எடுத்துக்கிட்டேன்.

குருவம்மான்னு பேரு. இட்லி மாவு ஆட்டி விக்கிறா, எங்க தெருவுக்கே அவ மாவுதான். அவளுக்கு வீசிங் உண்டு, மழை பெஞ்சா இழுக்கும். வழக்கமா மேடையில அவளை வெச்சு ஜோக்குதான் சொல்லுவேன். பூரிக்கட்டை, சந்தேகம், சீரியல், எல்லாரும் சொல்றதுதானே. அவளும் முன்வரிசையில உக்காந்து சிரிச்சு வெப்பா. அன்னைக்கு ஜோக்கு சொல்லல.

“நடுவர் அவர்களே, கொரோனா வர்றதுக்கு முந்தின ஐப்பசி. அடைமழை. என் மனைவிக்கு மூச்சு இழுக்குது. வண்டி கிடையாது. நெஞ்சு ஏறி ஏறி எறங்குது. ‘ஏங்க, எனக்கு பயமா இருக்குங்க’ன்னு என் கையைப் பிடிச்சா. நான் மழையில ஓடி ஆடாதொடை எலை பறிச்சேன். திப்பிலி தட்டிப் போட்டேன். கசாயம் வெச்சேன். தலையைத் தூக்கி மடியில வெச்சு சொட்டுச் சொட்டா ஊத்தினேன். மூச்சு சீராகுற வரைக்கும் அவ கையை நான் விடல. இன்னைக்கு அவ எங்க இருக்கா தெரியுமா? இதோ, இங்க உக்காந்திருக்கா! கசாயம் குடுத்த உயிரு!”

மொத்தக் கூட்டமும் திரும்பி அவளைப் பாக்குது. அவ முந்தானையால மூஞ்சியைப் பொத்திக்கிட்டு அழறா. விசில் சத்தம் கோயில் மணியையே அமுக்கிருச்சு சார். கொஞ்சம் கூட்டிக் குறைச்சுச் சொல்றதுதான், மேடைக்கு அது வேணும்ல.

சரி, அதுக்கப்புறம் நடுவர் எந்திரிச்சு என்ன தீர்ப்பு சொன்னாரு? “பெரிதும் கைகொடுப்பது ஊசியே!” எப்படி சார்? கைதட்டு எனக்கு, தீர்ப்பு அவங்களுக்கு! கேட்டா, “தவசி, கசாயம் குடிக்கட்டும், யாரு வேண்டாம்னா? ஆனா நாலு பேரு கேக்குற எடத்துல ஊசி வேண்டாம்னு தீர்ப்புச் சொல்லிட்டுப் போனா நாளைக்கு யாரு பதில் சொல்றது?”ங்கிறாரு. பதிலு சொல்றதுக்கும் பட்டிமன்றத்துக்கும் என்ன சம்பந்தம்? ஆனா ஒரு விஷயம் சார், அந்தத் தீர்ப்பைக் கேக்க அங்க ஆளே இல்ல. நான் எறங்கினதும் ஜனம் பூரா பொங்கல் வாங்க எந்திரிச்சுப் போயிருச்சு. நடுவரு, மைக்செட்டுக்காரர், அந்த டாக்டரு, மூணு பேருக்குத்தான் தீர்ப்பு தெரியும். ஊருக்கு என் பேச்சுதான் தீர்ப்பு.

அதுதான் பெரிய வினையாப் போச்சு.

சித்திரையில ரெண்டாவது அலைன்னு ஆரம்பிச்சுது பாருங்க. நாப்பத்தஞ்சு வயசுக்கு மேல எல்லாருக்கும் ஊசின்னு ஆட்டோவுல மைக் கட்டிச் சொல்றாங்க. குருவம்மாளுக்கு நாப்பத்தாறு. எங்க ஊருல ஊசி போட ஒருத்தரும் போகல. கேட்டா, “சொல்லருவி அண்ணாச்சி சொல்லிட்டாருல்ல”ங்கிறான். இதுல என் வீட்டு வாசல்ல வேற, இவ குறுக்கக் கயிறு கட்டி, மாவு வாங்க வர்ற பொம்பளைங்களை அந்தப் பக்கம் நிப்பாட்டி, தூக்குச்சட்டியில மாவும் கையில ஒரு டம்ளர் ஆடாதொடைக் கசாயமும் குடுத்து அனுப்புறா. மாஸ்க் மட்டும் ஒழுங்காப் போட்டிருப்பா. என்னடின்னா, “மாஸ்க்கைப் பத்தி நீங்க ஒண்ணும் சொல்லலையே”ங்கிறா.

எனக்குப் பெருமையா இருந்துச்சு சார், இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா மேல தெருவுல ரைஸ்மில்காரரு சேர்மக்கனி இருந்தாரு, நல்ல திடகாத்திரமான ஆளு. இருமல்னு படுத்தாரு. ஆம்புலன்ஸ் வந்து கூட்டிட்டுப் போச்சு. வீட்டுக்கு வரவே இல்ல. மூஞ்சியைக் கூடக் காட்டல. அந்த ஆளு வீட்டுக்கும் என் வீட்டு மாவுதான். அவரு வீட்டம்மா முந்தின நாள் வரைக்கும் எங்க வாசல்ல வந்து நின்னுட்டுப் போனவங்க. குருவம்மாளுக்கு வந்தா தாங்குமா? சும்மாவே இழுக்குற உடம்பு.

வீட்டுக்கு வந்து, “கிளம்பு, ஊசி போட்டுட்டு வரலாம்”னேன்.

“எதுக்கு?”

உக்காந்து எடுத்துச் சொன்னேன் சார். நாலு பாயிண்ட்டு. நடுவுல ஒரு குட்டிக்கதை. முடிக்கும்போது லேசா கொரலையும் தழுதழுக்க விட்டேன். அவ மாவை வழிச்சுக்கிட்டே கேட்டுட்டு, “இது எந்த அணிங்க?”ன்னு கேட்டா.

“விளையாடாத குருவு. உனக்கு ஏதாவது ஆயிட்டா நான் என்ன பண்ணுவேன்?”

“ஊரு முன்னாடி ஒண்ணு சொல்லிட்டு அடுப்படியில ஒண்ணு சொன்னா எப்படி? கசாயம் குடுத்த உயிருன்னு என்னைக் காட்டுனீங்கள்ல? நான் போயி ஊசிக்குக் கையை நீட்டுனா, அப்ப அன்னைக்குச் சொன்னது பொய்யான்னு கேக்க மாட்டாங்க? சபையில சொன்ன வார்த்தை. என்னால அது கெட வேண்டாம்.”

அசையவே இல்ல. எத்தனை மேடை பாத்தவன் நான், ஒரு பொம்பளையை அசைக்க முடியல. பஞ்சாயத்துத் தலைவர் வேற வந்து நிக்கிறாரு. “அண்ணாச்சி, நம்ம ஸ்கூல்ல முகாம் போடுறாங்க. நீங்க மைக்ல ஒரே வார்த்தை, அன்னைக்குப் பேசினது சும்மா மேடைக்காகன்னு சொல்லிருங்க. ஊரே வந்துரும்”ங்கிறாரு. அது எப்படி சார் சொல்ல முடியும்? சும்மா பேசினேன்னு ஒரு பேச்சாளன் மைக்ல சொல்லிட்டா, அடுத்த கொடைக்கு எவன் கூப்பிடுவான்?

அப்பத்தான் ஒரு யோசனை வந்துச்சு. எனக்கு ரெண்டாவது ஊசிக்கு நாள் வந்திருந்துச்சு. அதை முகாம்ல போயி ஊரு பாக்கப் போட்டுக்கிட்டா? அதுதான் என் முத ஊசிங்கிற மாதிரி காட்டிக்கிட்டா? ‘நானும் மனசு மாறிட்டேன், வாங்க’ன்னு சொன்ன மாதிரியும் ஆச்சு, பேசினது பொய்யுன்னு ஆகாமலும் போச்சு. பாம்பும் சாகணும், கம்பும் முறியக் கூடாது. குருவம்மாகிட்ட, “ஆராய்ச்சி பண்ணிப் பாத்தேன், இப்ப வந்திருக்க நோய் வேற, அதுக்கு ஊசிதான். உனக்கு முன்னாடி நானே போட்டுக்கிறேன். வந்து பாரு. பாத்துட்டு உன் இஷ்டம்”னேன். சரின்னா.

ஸ்கூல் வராந்தாவுல கூட்டமான கூட்டம். ஊசி போட இல்ல, நான் போடுறதைப் பாக்க. நான் சட்டைக் கையை மடிச்சுக்கிட்டு, சபைக்கு ஒரு கும்பிடு போட்டுட்டுப் போயி நாற்காலியில உக்காந்தேன். நர்ஸம்மா மூஞ்சி பூரா மூடியிருந்துச்சு, மாஸ்க்கு, அதுக்கு மேல கண்ணாடித் தாளு மாதிரி ஒண்ணு. யாரு எவருன்னு எனக்கு என்ன தெரியும்?

அந்தம்மா என்னையே உத்துப் பாத்துட்டு, “சார், நீங்களா!”ன்னாங்க. “டவுன் ஆஸ்பத்திரியில உங்களுக்கு முத ஊசி நான்தான் போட்டேன். திருவிழா வருது, நான் பேசணும், கை வலிக்குமா வலிக்குமான்னு கேட்டுக்கிட்டே இருந்தீங்களே! ஊசி ஏறுறப்பக் கண்ணை மூடிக்கிட்டு ‘நடுவர் அவர்களே’ன்னு கத்தினீங்களே, எங்க ஆஸ்பத்திரியே சிரிச்சுச்சு சார்!”

சார், அன்னைக்கு எழுந்த சிரிப்பு இருக்கே, என் ஆயுசுல அப்படி ஒரு சிரிப்பை நான் எழுப்பினதில்ல. பஞ்சாயத்துத் தலைவர் சுவத்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறாரு. “திருவிழாவுக்கு முன்னாடியேவா அண்ணாச்சி?”ங்கிறான் ஒருத்தன். “அப்ப எங்களுக்கு மட்டும் கசாயமா?”ங்கிறான் இன்னொருத்தன். சிரிச்சுக்கிட்டே வரிசையில நிக்கிறாங்க சார்! ஆளு போட்டுக்கிட்டு கல்லு மாதிரி நிக்கிறாருல்ல, அப்ப நமக்கு என்னன்னு. அன்னைக்குக் கொண்டு வந்த மருந்து பத்தல, தெரியுமா? நான் வாயைத் தொறக்கவே இல்ல, ஊரே கையை நீட்டிருச்சு.

குருவம்மா மட்டும் சிரிக்கல. என்னைத் தாண்டிப் போயி உக்காந்தா. சேலைத் தலைப்பை ஒதுக்கிக் கையைக் காமிச்சா. மூஞ்சியைத் திருப்பக்கூட இல்ல, ஊசி ஏறுறதைப் பாத்துக்கிட்டே இருந்தா.

வீட்டுக்கு நடந்து வர்றோம். நான் சும்மா வரல, சமாதானம் சொல்லிக்கிட்டே வர்றேன். நடுவர் சொன்னாரு, அணி பிரிச்சாங்க, என் மேல தப்பு கிடையாதுன்னு. ஊர்க்கெணறு வந்துச்சு. அவ நின்னா.

“ஊசி போட்டதை மறைச்சதுக்கு எனக்குக் கோவம் இல்ல. அந்த ஐப்பசியில நீங்க ஊர்லயே இல்லைங்கிறது எனக்குத் தெரியாதா? நீங்க தூத்துக்குடியில பேசிக்கிட்டு இருந்தீங்க. எதிர்வீட்டு மரியபுஷ்பம் அக்காதான் மழையில ஆட்டோ பிடிச்சு என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க. கசாயமும் இல்ல, ஒண்ணும் இல்ல.”

எனக்குச் சுருக்குன்னு போச்சு சார். “அப்ப ஏன் அழுத? தெரிஞ்சுக்கிட்டே ஏன் ஊசி வேண்டாம்னு நின்ன?”ன்னு கேட்டேன்.

“மடியில வெச்சுக்கிட்டேன், கையை விடலன்னு சொன்னீங்கள்ல. அத்தனை பேரு முன்னாடி நீங்க சொன்னப்ப, எனக்கே அப்படி நடந்த மாதிரி இருந்துச்சு. அது அப்படியே நடந்ததா இருந்துட்டுப் போகட்டுமேன்னு நெனச்சேன். நான் ஊசி போட்டா அது இல்லைன்னு ஆயிரும்ல.”

அவ்வளவுதான் சொன்னா. வீட்டுக்குப் போயி ஒலையில அரிசி போட்டா. அவளுக்கும் நோய் வரல, எனக்கும் வரல, நல்லா இருக்கோம்.

ஆனா நீங்களே யோசிச்சுப் பாருங்க சார். நடக்காத ஒண்ணை, அது யாருக்கு நடக்கலையோ அந்த ஆளுகிட்டயே சொல்லி, நடந்த மாதிரி நெனைக்க வெச்சிருக்கேன்! ஒரு பேச்சாளனுக்கு இதைவிட என்ன விருது வேணும்? அந்த வாரமே எழுதி வெச்சுக்கிட்டேன். இப்ப என்ன தலைப்பு குடுத்தாலும், நான் எந்த அணியா இருந்தாலும், கடைசியில அவ கெணத்தடியில சொன்னதைச் சொல்லித்தான் மேடையை விட்டு எறங்குறேன். பொம்பளைங்க தேம்பித் தேம்பி அழறாங்க. ஊத்துமலையில ஒருத்தரு மேடையில ஏறி எனக்குத் துண்டு போத்துனாரு.

மாவு வாங்க வந்த யாரோ அவகிட்ட சொல்லியிருக்காங்க. நான் வீட்டுக்குள்ள நுழையுறப்ப, ஒரு வார்த்தைதான் கேட்டா. “அதையுமா சொல்லிட்டீங்க?”

“ஆமா குருவு, பயங்கரமான கைதட்டு!”ன்னேன்.

சரின்னுட்டுப் போயிட்டா. அதுல இருந்து அவ எங்கிட்ட பெருசா ஒண்ணும் பேசுறதில்ல. சோறு வேணுமா, கொழம்பு ஊத்தவான்னு கேப்பா, அவ்வளவுதான். அவகிட்ட இருந்து புதுசா எதுவும் கிடைக்க மாட்டேங்குது சார். அந்த ஒண்ணை வெச்சேதான் ஓட்டிக்கிட்டு இருக்கேன்.